சினை செம்மறி திடீர்னு படுத்துக்குதா? கடைசி ஒன்றரை மாசத்த கவனிங்க

எங்க பட்டியில நல்லா கொழுத்திருந்த ஒரு செம்மறி, குட்டி போட பத்து நாள் இருக்கும்போது தீவனத்த விட்டுட்டு ஓரமா நின்னுச்சு, வெயிலுக்கு சோர்ந்திருக்கும்னு நானும் விட்டுட்டேன், நாலாம் நாள் செத்துப்போச்சு, வயித்துல ரெட்டைக் குட்டி. இன்னும் மனசு ஆறல.

இதுக்குப் பேரு பிரக்னன்சி டாக்ஸீமியா. செம்மறிக்கு சினை கிட்டத்தட்ட 150 நாள், குட்டி வளர்றதுல 70 சதவீதம் கடைசி 6 வாரத்துலதான். குட்டி இடத்த அடைச்சுக்கிறதால இரைப்பை சுருங்கி ஆடு கம்மியாத்தான் திங்கும், ரத்தத்துல சக்கரை கொறைஞ்சு ஒடம்பு கொழுப்ப கரைக்க ஆரம்பிக்கும், ஈரல் தாங்காம, கொழுப்பு கரையும்போது வர்ற கீட்டோன்ங்கற கழிவு ரத்தத்துல ஏறிடும். ரொம்ப மெலிஞ்சதுக்கும் வரும், ரொம்ப கொழுத்ததுக்கும் வரும்.

அதனால கிடா சேத்த தேதிய எழுதி வைங்க, 100 நாள் ஆனதும் சினை ஆட்ட தனியா பிரிங்க, இல்லன்னா வலுத்த ஆடு தின்னுட்டு நோஞ்சான் பாத்துட்டே நிக்கும். முதுகெலும்ப தடவிப் பாருங்க, கூர்மையா குத்துனா மெலிவு, எலும்பே தட்டுப்படலன்னா கொழுப்பு. ஆனா கொழுத்திருக்கேன்னு இப்ப பட்டினி போட்டுடாதீங்க, நோயே அதுலதான் கிளம்பும். வெறும் சோளத்தட்டு வயித்த ரொப்பும், சத்து பத்தாது. கடலைக்கொடி, வேலிமசாலோட, ஒடச்ச மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு, தவிடு கலந்து ஒரு ஆட்டுக்கு தினம் 100 கிராம்ல தொடங்கி ரெண்டு வாரத்துல 300 கிராம் வரைக்கும், ரெண்டு வேளையா பிரிச்சுக் குடுங்க. ஒரேயடியா தானியத்த கொட்டுனா வயிறு புளிச்சு அது வேற தனி வம்பு. வண்டியில ஏத்துறது, தூர மேய்ச்சல், ஒரு நாள் தீவனம் தப்புறது எல்லாம் இந்த சமயத்துல வேணாம்.

மந்தைய விட்டு ஒதுங்குறது, பல்ல நறநறன்னு கடிக்கிறது, கண்ணு தெரியாத மாதிரி முட்டுறது, மூச்சுல நெயில்பாலிஷ் ரிமூவர் வாசம், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே டாக்டர கூப்பிடுங்க. வெல்லத்தண்ணிய நம்பாதீங்க, அது இரைப்பையிலேயே நொதிச்சுப் போயிடும். ரத்தத்துல சக்கரைய ஏத்துற புரொப்பிலீன் கிளைக்கால்ங்கற திரவம்தான் சரி, பொதுவா வேளைக்கு 60 மில்லி, தினம் ரெண்டு வேளை, டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க, ஆடு தானா முழுங்குதான்னு பாத்துட்டு ஊத்துங்க, தலைய ரொம்ப தூக்குனா நுரையீரலுக்குப் போயிடும். படுத்துட்டா ஊசியில குளுக்கோஸ் ஏத்தணும், கால்சியம் கொறைவும் இதே மாதிரிதான் தெரியும், அத அவர்தான் பிரிச்சுப் பாக்கணும். சில நேரம் குட்டிய எடுத்தாத்தான் தாய் பிழைக்கும்.

ஒரு ஆடு படுத்துச்சுன்னா அதே மாச சினையில இருக்குற மத்ததுக்கும் தீவனம் பத்தலன்னு அர்த்தம், அதுங்களுக்கும் அன்னிலருந்தே கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.