அரிசி ஆலையில் பொதுச் சர்வர்: ஆபீஸ் கணினிகளுக்கு ஆபத்து வராமல் அமைப்பது எப்படி?

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரிகள் அன்றைய விலையைப் பார்த்து ஆர்டர் போட, ஆலையிலேயே ஒரு சின்ன சர்வர் வைக்க வேண்டும். அதே கட்டடத்தில் டேலி ஓடும் கணக்குக் கணினி, எடைமேடைக் கணினி, சிசிடிவி எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிடுவதுதான் பலர் செய்வது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இணையத்துக்குத் திறந்த சர்வர் என்றாவது ஒருநாள் உடைபடும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். உடைத்து உள்ளே வந்தவன் அங்கிருந்து வேறு எங்கே போக முடியும் என்பதுதான் கேள்வி. நெல் லாரி எடைமேடை வரை வரலாம், கணக்கு ரூமுக்குள் வரக் கூடாது. சர்வருக்கும் அப்படி ஒரு தனி இடம் தேவை. அந்தத் தனி நெட்வொர்க்தான் டிஎம்இசட்.

படி 1: ஐபி முகவரி

ரவுட்டரில் வான் (WAN, அதாவது இணையப் பக்கத்து) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அந்த ஐபிவி4 முகவரிக்கு வெளியிலிருந்து யாரும் நேரே வர முடியாது. இணைய நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய, மாறாத முகவரி) கேட்டு வாங்குங்கள்.

படி 2: நெட்வொர்க்கைப் பிரித்தல்

சாதாரண ரவுட்டர்களிலும் 'டிஎம்இசட்' என்று ஒரு வசதி இருக்கும். பெரும்பாலும் அது எல்லா போர்ட்டையும் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) ஒரு கணினிக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். அந்தக் கணினி ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே இருக்கும். அது வேண்டாம்.

மூன்று லேன் போர்ட் (இது கேபிள் செருகும் இடம்) உள்ள 64 பிட் கணினியில் ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவுங்கள். எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவலாளிதான் ஃபயர்வால். ஒரு போர்ட் இணையத்துக்கு, ஒன்று ஆபீசுக்கு (192.168.10.0/24), ஒன்று சர்வருக்கு (192.168.50.0/24). ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் சுவிட்சிலும் பிரிக்கலாம். ஆனால் முதன்முறை செய்பவருக்குத் தனிக் கேபிளே நல்லது, கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம்.

படி 3: ஃபயர்வால் விதிகள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இணையத்திலிருந்து சர்வருக்கு டிசிபி போர்ட் 80, 443 (இணையப் பக்கங்களுக்கானவை) மட்டும். ஆபீசிலிருந்து சர்வருக்கு 443. பராமரிப்புக்கென வைத்த ஒரே கணினியிலிருந்து மட்டும் 22 (எஸ்எஸ்எச், தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் வழி). சர்வரிலிருந்து இணையத்துக்கு அப்டேட், டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி கேட்பது), என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்வது). சர்வரிலிருந்து ஆபீசுக்கு எதுவுமே இல்லை.

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். 'எங்கும் போகலாம்' என்று சர்வருக்கு ஒரு விதி எழுதினால் அந்த 'எங்கும்' என்பதில் உங்கள் ஆபீசும் அடக்கம். ஆகவே ஆபீஸ் நெட்வொர்க்கையும் ஃபயர்வாலின் அட்மின் பக்கத்தையும் தடுக்கும் விதிகள் அதற்கு மேலே நிற்க வேண்டும்.

ஆர்டர் நேரே டேலிக்குப் போனால் வசதிதானே என்று முதலாளி கேட்பார். அதற்காக ஒரு போர்ட்டைத் திறந்தால் இவ்வளவு பாடும் வீண். ஆபீஸ் கணினியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குப் போய் ஆர்டர்களை எடுத்து வரட்டும். ஆபீஸ் தொடங்கிய இணைப்புக்கான பதிலை ஃபயர்வால் தானே அனுமதிக்கும்.

படி 4: சர்வர்

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை நிறுத்தி, கீ (கணினியில் சேமித்த ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும் வையுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறட்டும். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வழியே மட்டும்.

உமித்தூசு விசிறியை அடைத்துவிடும் என்பதால் ஆலைக்கூடத்தில் சர்வர் வேண்டாம். யுபிஎஸ் அவசியம். 2018 கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. பேக்கப்பின் ஒரு பிரதி வெளியூரில் இருக்கட்டும்.

படி 5: சோதனை

மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் ஐபி முகவரியின் மேல் என்மேப் (எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி) ஓட்டுங்கள். 80, 443 மட்டுமே திறந்திருக்க வேண்டும். பிறகு சர்வரில் உட்கார்ந்து டேலி கணினியை பிங் செய்யுங்கள், அதன் 445 போர்ட்டையும் (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் படி 3க்குத் திரும்புங்கள்.

ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (யார், எப்போது வந்தார்கள் என்ற பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 உத்தரவு. ஃபயர்வாலின் டிஸ்க்கை அதற்கேற்ற அளவில் இப்போதே போட்டுவிடுங்கள்.