சேலத்து மாணவர் மன்னார் வளைகுடாவை வரைந்து பழகும் முறை

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் மார்கழி விடியலில் நின்று பார்த்தால், சமவெளி முழுதும் பனிக்குள் மறைந்திருக்க, கஞ்சமலையின் முதுகு மட்டும் தீவுபோல் மேலே தெரியும். தீவு என்றதும் நம் மாணவர்களின் மனத்தில் எழுவது இந்தக் காட்சிதான். மன்னார் வளைகுடாவை வரைய உட்காரும்போது அதை ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

கட்டம் போட்ட தாளில் 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று அளவு கொள்க. இடப்பக்கம் கீழே தூத்துக்குடியைக் குறித்து, அங்கிருந்து கிழக்கே அதிகம் சாய்ந்த வடகிழக்குத் திசையில் ஏறத்தாழ 13 செ.மீ. தள்ளிப் பாம்பனைக் குறித்து, இரண்டுக்கும் நடுவே கரைக்கோட்டை நிலத்தின் பக்கமாகச் சற்றுக் குழித்து இழுக்கவும். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் நோக்கி வரிசையாகத் தூத்துக்குடித் தொகுதிக்கு 4, வேம்பாருக்கு 3, கீழக்கரைக்கு 7, மண்டபத்துக்கு 7 என 21 தீவுகளையும் புள்ளியிடுக. அவை பெரும்பாலும் கரையிலிருந்து 10 கி.மீ.க்குள் இருப்பதால், புள்ளிகள் கரைக்கோட்டிலிருந்து ஒரு செ.மீ.க்குள்ளேயே விழ வேண்டும். நடுக்கடலில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

இனி எல்லைகள். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் பரப்பு 560 ச.கி.மீ.; நம் தாளில் அது வெறும் 5.6 சதுர செ.மீ. அதைச் சூழ்ந்து 1989இல் அமைந்த உயிர்க்கோளக் காப்பகமோ 10,500 ச.கி.மீ., அதாவது 105 சதுர செ.மீ. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம், கட்டங்களை எண்ணியதுமே தீர்ந்துவிடும்.

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண்கடல்' என்றும், தெற்கே வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் மீனவர் சொல்வதையும் எழுதிவைக்கலாம்.

கஞ்சமலையை ஏன் மறக்க வேண்டும் என்பதற்கு வருவோம். கஞ்சமலையைப் பார்க்க நாம் நின்ற ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலை, சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய கடும்பாறையால் ஆனது. 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் உச்சி பனியோ மழையோ வந்தாலும் அங்கேயே நிற்கும். இத்தீவுகள் மூழ்கிய மலைகளின் உச்சிகள் அல்ல. பவளத்திட்டின் மேல் பவளத்துண்டும் மணலும் சேர்ந்து, கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த தாழ்ந்த திட்டுகள். அலையை உடைக்கும் பவளப்பார் போய்விட்டால் மணலும் கரைந்துபோகும். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக, கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியில் விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. ஆகவே அவ்விரண்டு புள்ளிகளை மட்டும் மை நிரப்பாமல் வெற்று வட்டங்களாக விடவும்.