கார் ஏசி நாற்றம்: மூக்கைக் கவனிக்கிறோம், ஈரத்தை விட்டுவிடுகிறோம்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் கார் பணிமனைகளில் ஒரு புகார் திரும்பத் திரும்பக் கேட்கும்: "ஏசி போட்டதும் நாற்றம் அடிக்கிறது." வெயில் படாமல் மூலையில் கிடந்த ஈரத்துணியின் வாடை அது. இரண்டு மூன்று நிமிடங்களில் குறைந்துவிடும். குறைந்துவிடுவதாலேயே பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்றாடம் அதே காரில் போய்வருபவரின் மூக்கு வேறு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும். புதிதாக ஏறும் உறவினர்தான் முகத்தைச் சுளிப்பார்.

நாற்றம் போக வேண்டும் என்று செலவு செய்பவர்களில் பெரும்பாலோர் தவறான இடத்தில்தான் செலவு செய்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் நாற்றம் பிறக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அலுமினியக் கூலிங் காயில் இருக்கிறது. இவாப்பரேட்டர் என்பதும் அதுவே. ஏசி ஓடும்போது அதன் தகடுகள் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே வரை குளிர்ந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போல, அந்தத் தகடுகளின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. புழுக்கமான நாளில் இப்படிச் சேரும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. அது ஒரு சிறிய வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிக்கொண்டே போகும். காரை நிறுத்தியதும் சொட்டுவது நிற்கிறது. ஆனால் நெருக்கமான தகடுகளுக்கு இடையே ஒட்டிய ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. இருட்டு, வெதுவெதுப்பு, காற்றோட்டமின்மை, தகடுகளில் படிந்த தூசு, மகரந்தம், நம் தோலிலிருந்து உதிரும் துகள்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிடத் தோதான இடம் காரில் வேறெங்கும் கிடையாது. கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகள் அங்கே சாதாரணமாக வளர்கின்றன. அவை வெளியிடும் வாயுக்கள்தான் நம் மூக்குக்கு எட்டும் பூசண வாடை.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அவற்றை முழுதாகத் தடுக்க முடியாது. தூசையும் முழுதாகத் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: கார் நிற்கும் நேரத்தில் அந்தக் காயில் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா என்பது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

வாசனையால் மறைப்பது

நாற்றம் வந்ததும் எல்லோரும் முதலில் வாங்குவது ஏசி துவாரத்தில் மாட்டும் வாசனைத் திரவியம். சிலர் கற்பூரத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பூஞ்சை அங்கேயே வளர்ந்துகொண்டிருக்க, அதன்மேல் மல்லிகையையோ எலுமிச்சையையோ பூசுகிறோம். சில நாட்களில் இரண்டும் கலந்த மூன்றாவது வாடை ஒன்று வரும். நீண்ட பயணத்தில் குழந்தைகள் வாந்தி எடுப்பதற்குப் பல நேரங்களில் அதுவும் சேர்ந்துகொள்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்குப் பூஞ்சை வித்தும் ஆகாது, கடும் வாசனையும் ஆகாது.

பாச்சை உருண்டையை இருக்கைக்கு அடியில் போட்டுவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அதிலுள்ள நாப்தலீன் ஆவியை மூடிய காருக்குள் மணிக்கணக்கில் சுவாசிப்பது நல்லதல்ல. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. அந்தக் குறைபாடு தம் குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்தே இருக்காது.

குளிரக் குளிர அணைப்பது

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு இதுதான். இதைத் திருத்த ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

வீட்டு வாசல் வரை ஏசியை முழுக் குளிர்ச்சியில் ஓடவிட்டு, அப்படியே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறோம். நனைந்த காயில் இரவு முழுவதும் மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது. மாறாக, ஊர் போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். காற்றை உள்ளே தள்ளும் விசிறியான ப்ளோயர் நடுத்தர வேகத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கட்டும். கூடவே வெளிக்காற்று உள்ளே வரும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். காயில் வெப்பமேறும், அதன்மேல் ஓடும் காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதைச் செய்து பார்த்துவிட்டு, "ஏசியை அணைத்ததும் நாற்றம் கூடுகிறதே" என்று பாதியில் விட்டவர்கள் உண்டு. ஈரம் ஆவியாகும்போது அந்த வாடையும் சேர்ந்தே கிளம்பும். ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். அந்த வாடை கடுமையாக இருந்தால் காயிலில் ஏற்கெனவே படலம் படிந்துவிட்டது என்று பொருள். சுத்தம் செய்த பிறகுதான் உலர்த்தும் பழக்கம் முழுப் பலன் தரும்.

மழை கொட்டும் இரவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஏசியை அணைத்ததும் ஈரக் காற்று முன்கண்ணாடியில் பனிபோல் படிந்து பாதையை மறைத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காரை நிறுத்திய பிறகு ப்ளோயரை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடலாம். அப்போது இன்ஜின் ஓடுவதாக இருந்தால் கார் திறந்தவெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சில புதிய கார்களில் இன்ஜின் அணைந்த பிறகு ப்ளோயர் தானாகவே சிறிது நேரம் ஓடிக் காயிலை உலர்த்தும் வசதி உண்டு. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். பல கார்களில் அமைப்புப் பட்டியலுக்குள் போய் அதை நாம்தான் இயக்கிவைக்க வேண்டியிருக்கும்.

காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் உட்காற்றுச் சுழற்சி நிலையைக் கார் வாங்கிய நாள்முதல் மாற்றாமல் வைத்திருப்பதும் இதோடு சேர்ந்த தவறு. வெயிலில் கார் சீக்கிரம் குளிரவும், லாரிப் புகையைத் தவிர்க்கவும் அது தேவைதான். ஆனால் நான்கைந்து பேர் மூச்சு விடும் ஈரம், நனைந்த குடை, மழைக்கோட்டு எல்லாம் உள்ளேயே சுற்றிச்சுற்றி அதே காயிலில்தான் படிகிறது. கரியமில வாயு கூடி ஓட்டுநருக்கு அசதி வருவது தனிக்கதை.

ஃபில்டரைக் கழுவி மாட்டுவது

பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். கிளவ் பாக்ஸின் இரு பக்கச் சுவர்களையும் உள்ளே அமுக்கினால் அது கீழே சரிந்துவிடும், ஃபில்டர் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். செம்மண் சாலையிலும் கட்டுமான வேலை நடக்கும் பகுதியிலும் ஓடும் காருக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. கார் வாங்கி ஆண்டுகள் ஆகியும் இது தெரியாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

காகிதத்தாலும் இழையாலும் ஆன ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாதி காய்ந்ததும் மாட்டுவது பூஞ்சைக்கு நாமே இடம் அமைத்துக் கொடுப்பதாகும். கழுவலாம் என்று அதிலேயே அச்சிட்டிருந்தால் தவிர, கழுவக் கூடாது. தட்டித் தூசு உதிர்ப்பதால் பெரிய பயன் இல்லை. புதிதை மாட்டும்போது சட்டத்திலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். கரி கலந்த கறுப்பு நிற ஃபில்டர் புகை வாடையை ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் கூலிங் காயில் அதைத் தாண்டி இருக்கிறது. அங்கே பிறக்கும் நாற்றத்தை எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரும் தடுக்காது. ஆகவே முதலில் காயில் சுத்தம், பிறகு புது ஃபில்டர். வரிசை மாறினால் ஃபில்டரும் வீண்.

ஸ்பிரேயைத் தவறான துவாரத்தில் அடிப்பது

காயில் சுத்தம் செய்யும் நுரை ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி டேஷ்போர்டின் முன்பக்கத் துவாரங்களில் அடித்தால் நுரை காற்றுக் குழாயோடு நின்றுவிடும், காயிலைத் தொடாது. மின் இணைப்புகளின் மேல் வடியவும் வாய்ப்புண்டு. ஃபில்டரைக் கழற்றிய இடம் வழியாகவோ, அடியிலுள்ள வடிகுழாய் வழியாகவோ மெல்லிய குழலைச் செலுத்தி அடிப்பதுதான் முறை. இன்ஜினும் ப்ளோயரும் அணைந்திருக்க வேண்டும். கேனில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டால், நுரை கரைந்து அழுக்கோடு வடிகுழாய் வழியாக வெளியேறும். பிறகு கண்ணாடிகளைத் திறந்துவைத்து, ஏசி இல்லாமல் ப்ளோயரை மட்டும் ஓட்டி நன்றாக உலர்த்த வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல பணிமனைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

காருக்குள் வைத்துவிட்டு அமுக்கினால் தானாகப் பீறிடும் வகைக் கேன் என்றால், அந்த நேரத்தில் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வேலை முடிந்த கேனைக் காரிலேயே போட்டுவைக்கவும் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் கார் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும்.

பிளீச்சிங் கரைசல், கழிவறை அமிலம் போன்றவற்றைக் காயிலில் ஊற்றச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தேன். வருத்தமாக இருந்தது. இவை அலுமினியத்தை அரித்துவிடும். ஊசித் துளை விழுந்தால் ஏசி கேஸ் கசியும். பல கார்களில் காயிலை மாற்றுவதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ஒரு பாட்டில் திரவத்தால் ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கும்.

கேஸ் நிரப்புவது

பூசண வாடைக்கும் ஏசி கேஸுக்கும் தொடர்பில்லை. கேஸ் மூடிய சுற்றில் ஓடுவது, எரிபொருள்போலத் தீர்ந்துபோவதல்ல. குளிர்ச்சி குறையாமல் நாற்றம் மட்டும் இருக்கும்போது "கேஸ் மாற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்காதது

புழுக்கமான நாளில் ஏசி ஓடும் காருக்கு அடியில் நீர் சொட்டியே ஆக வேண்டும். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். பெட்டியில் தேங்கும் நீர் முன்பக்கக் கால்வைக்கும் இடத்துக்கு வழிந்து, தரைவிரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சில் ஊறும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் ஈரம் தெரியும். ரப்பர் மேட்டை மட்டும் வெயிலில் போட்டு எடுப்பதால் அந்தப் பஞ்சு காயாது. விரிப்பைத் தூக்கித்தான் உலர்த்த வேண்டும். ஊறிய நீர் பிசுபிசுப்பாக, பச்சையோ இளஞ்சிவப்போ கலந்து, இனிப்பு வாடையுடன் இருந்தால் அது ஏசி நீரல்ல. ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டிய விஷயம்.

வேப்பமரம், புளியமரத்து நிழலில் தினமும் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழேயுள்ள சல்லடை மூடியையும் பார்க்க வேண்டும். வெளிக்காற்று நுழையும் வழி அதுதான். பொடி இலைகள் அங்கே விழுந்து, மழையில் ஊறி மக்கும். அந்த மக்கல் வாடை நேராக உள்ளே வரும். காயிலை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் தீராத நாற்றங்களில் சில இங்கிருந்து வருபவை. எலி நுழைவதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான். பூசண வாடையாக இல்லாமல் அழுகல் நாற்றமாக இருந்தால் முதலில் ப்ளோயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காயில் சுத்தம், புது ஃபில்டர், வடிகுழாய் எல்லாம் சரியான பிறகும் வாடை வருகிறது என்றால் ஏசியை விட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போங்கள். ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் ஒரு குழி இருக்கும். பின்விளக்கு ரப்பர் தளர்ந்த கார்களில் மழைநீர் அங்கே மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் காரின் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் எந்த மூலையில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.