பருவப் பழங்களைச் சிக்கனமாக வாங்கிக் குடும்பத்தோடு உண்பது எப்படி?

சென்னையில் மாதச் சம்பளத்தை வைத்து மளிகைப் பட்டியல் போடும் பல வீடுகளில் பழம் கடைசி வரியில்தான் இடம்பெறுகிறது. கை இறுக்கமான மாதத்தில் முதலில் அடிபடுவதும் அந்த வரிதான். ஆண்டு முழுவதும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கும் பழக்கத்தை விட்டு, அந்தந்த மாதத்தில் எது மலிந்து வருகிறதோ அதையே நிறைய வாங்கினால், அதே பணத்தில் வீட்டில் அனைவரும் வயிறாரப் பழம் உண்ணலாம்.

முதற்படி: பருவத்தை அறிதல்

மாசி, பங்குனியில் திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி, சித்திரை முதல் ஆனி வரை மாம்பழம், வைகாசி, ஆனியில் பண்ருட்டிப் பலா, ஆனி, ஆடியில் நாவல், ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தாப்பழம், கார்த்திகைக்குப் பின் நாக்பூர் கமலா ஆரஞ்சு என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். வாழைப்பழம் எல்லா மாதமும் கிடைக்கும்.

மாம்பழத்திற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. பங்கனப்பள்ளியும் செந்தூரமும் முன்னே வரும். நீலமும் ருமானியும் பின்னே வரும். வரத்துத் தொடங்கும் முதல் வாரங்களில் விலை ஏறியே இருக்கும், சுவையும் முழுமையாக இராது. ஓராண்டு பங்குனியிலேயே ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு கிலோ பழம், வெளியே பொன்னிறமாகவும் உள்ளே புளிப்பாகவும் இருந்ததைக் கண்டபின், சித்திரை பாதி கழியும்வரை நாங்கள் மாம்பழக் கடைப்பக்கம் போவதில்லை.

இரண்டாம் படி: தொகையை ஒதுக்குதல்

வாரத்திற்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவையுங்கள். புறப்படும்முன் வீட்டில் மீதமிருக்கும் பழத்தைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்தல்

பழைய மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியின் நெரிசலைக் குறைக்க 1996-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தைக்கு விடியற்காலையில் செல்வது நல்லது. மொத்தக் கடைகளில் பெட்டிக் கணக்கில்தான் விற்பார்கள் என்பதால், தனிக் குடும்பத்திற்கு அது கட்டுப்படியாகாது; பக்கத்து வீட்டார் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெட்டியை மூன்றாகப் பிரித்தால் ஆட்டோ செலவும் மூன்றாகப் பிரியும். மாலையில் தள்ளுவண்டியில் கூறு கட்டி மலிவாக விற்பதையும் வாங்கலாம், ஆனால் அன்றிரவே உண்டு முடிக்கும் அளவுக்கு மட்டும். கிலோ 80 ரூபாய்க்கு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப்போனால், உண்ட பழத்திற்குக் கிலோ 120 ரூபாய் கொடுத்ததாக ஆகிவிடும்.

நான்காம் படி: பார்த்து எடுத்தல்

தர்பூசணியில் தரையில் பட்ட பகுதி வெளிறாமல் மஞ்சளாக இருக்க வேண்டும். அதன் பருமனுக்கு மீறிய கனமும் இருக்க வேண்டும். சீத்தாப்பழத்தில் கண்களுக்கு இடையே வெளிர்நிறக் கோடு விரிந்திருந்தால் அது முற்றிய காய். மாம்பழத்தைக் காம்படியில் முகர்ந்து பாருங்கள். மணமே இல்லாமல் தோல் மட்டும் ஒரே சீரான மஞ்சளாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தாலும், நம் கண்ணும் மூக்கும் விழிப்பாக இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

ஐந்தாம் படி: வீட்டில் பழுக்கவைத்தல்

சிக்கனத்தின் உயிர்நாடி இந்தப் படியில்தான் இருக்கிறது. பெட்டி முழுவதும் ஒரே நாளில் பழுத்துவிட்டால் பாதி வீணாகும். ஆகவே வாங்கும்போதே பழம், செங்காய், முற்றிய காய் என மூன்று நிலையிலும் கலந்து கேட்டு வாங்குங்கள். பழத்தை அன்றும் மறுநாளும் உண்ணலாம். செங்காயை வைக்கோலிலோ செய்தித்தாளிலோ ஒன்றையொன்று அழுத்தாமல் காம்பு கீழ்நோக்க அடுக்குங்கள். காயை விரைவில் பழுக்கவைக்க வேண்டுமானால், நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றை உடன் வைத்துக் காகிதப் பையில் மூடிவிடுங்கள். வாழைப்பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மாங்காயைப் பழுக்கவைக்கும். பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அது சரியாகப் பழுக்காமல் தோல் கறுத்துவிடும். தினமும் காலையில் அடுக்கைத் திருப்பிப் பார்த்துக் கனிந்ததைப் பிரித்தெடுக்கும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படையுங்கள். மூன்றே நாளில் தொட்டுப் பார்த்துச் சொல்லப் பழகிவிடுவார்கள்.

ஆறாம் படி: கூடி உண்ணுதல்

உண்பதற்கு அரைமணி நேரம் முன்பு மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காம்பில் வடியும் பால் நீங்கிவிடும். இரவு உணவுக்குப் பின் அனைவரும் அமர்ந்திருக்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் அரிவாள்மணையில் நறுக்கி ஒரே தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். தனித்தனிக் கிண்ணத்தில் கொடுத்தால் மீந்துபோவது, ஒரே தட்டில் வைத்தால் ஒரு துண்டும் மிஞ்சுவதில்லை. அதிகம் கனிந்தவற்றை மறுநாள் மோர்க்குழம்பில் போடலாம். தர்பூசணித் தோலின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கும், பலாக்கொட்டை சாம்பாருக்கும் ஆகும். மாங்கொட்டைக்கு மட்டும் வீட்டில் போட்டி வரும்; எங்கள் வீட்டில் அது நாள்முறை வைத்து, நேற்று கிடைக்காத பிள்ளைக்கு இன்று போகிறது.