பெரிய ஸ்பிட்ஃபயர் கிட் வாங்கப் போகிறீர்களா? மூன்று பெட்டிகளை ஒப்பிடும் முறை

1/72, 1/48 அளவுகளில் (அதாவது நிஜத்தில் 72இல் அல்லது 48இல் ஒரு பங்கு) இரண்டொரு பிளாஸ்டிக் மாடல் விமான கிட்களை, அதாவது பாகங்களாக வரும் பெட்டிகளை, ஒட்டி முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்பது. இரண்டாம் உலகப் போர் விமானம் என்றால் பலருடைய கை நேராக பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்குத்தான் போகும். அங்கேதான் குழப்பமும் தொடங்கும். ஒரே விமானம், பல கம்பெனிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலைகள்.

இந்தப் பதிவில் மார்க் 9சி வகைக்கு ("மார்க்" என்பது விமானத்தின் ஒவ்வொரு திருத்த வடிவத்துக்கும் தரும் எண்) வந்துள்ள மூன்று கிட்களை வைத்துக்கொண்டு, ஒப்பிடுவது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம். டாமியாவின் 1/32 (2009), ரெவெலின் 1/32 (2017), ஏர்ஃபிக்ஸின் 1/24 (2022). வேறு விமானத்துக்கும் இதே முறை செல்லும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த கிட் நிஜ விமானத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்ற கேள்வி இரண்டாவதுதான். எந்த கிட் உங்களிடம் எவ்வளவு வேலை வாங்கும் என்பதே முதல் கேள்வி. பெரிய கிட்கள் பாதியில் நின்று பெட்டிக்குள் தூங்குவது வடிவப் பிழையால் அல்ல, வேலையின் அளவால்தான்.

படி 1: எந்த மார்க் என்று முடிவு செய்யுங்கள்

"ஸ்பிட்ஃபயர்" என்று மட்டும் தேடி ஆர்டர் போட்டால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம், போர் முடிவதற்குள் எஞ்சின், மூக்கு, இறக்கை, வால் என்று எல்லாவற்றிலும் மாறிக்கொண்டே போனது.

மார்க் 9 பிறந்ததே அவசரத்தில். 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஃபொக்க வுல்ஃப் 190 பிரான்ஸ் கரையோரம் தலைகாட்டியதும், அப்போது பிரிட்டனிடம் இருந்த மார்க் 5 திணறிப்போனது. புதிதாக ஒன்றை முழுமையாக வடிவமைத்து முடிக்க நேரம் இல்லை. இருந்த மார்க் 5 உடலிலேயே இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கொண்ட மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தினார்கள். 1942 ஜூலையில் இங்கிலாந்தின் ஹார்ன்சர்ச் தளத்தில் இருந்த 64ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப் பிரிவு) அதை முதலில் களமிறக்கியது. தற்காலிக ஏற்பாடாக வந்த அந்த மாடல் கடைசியில் ஐயாயிரத்துக்கும் மேல் தயாரானது.

மார்க் 9ஐ அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். புரொப்பெல்லரில் நான்கு இதழ்கள் இருக்கும் (மார்க் 5இல் பொதுவாக மூன்று). மூக்கின் ஒவ்வொரு பக்கமும் ஆறு புகைக்குழாய்கள். இறக்கைக்கு அடியில் இடமும் வலமும் ஒரே அளவில் இரண்டு ரேடியேட்டர் பெட்டிகள். மார்க் 5இல் ஒன்று பெரிது, இன்னொன்று சிறிது. பெட்டியின் மேல் ஓவியத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பழைய அச்சுகளில் (பாகங்களை வார்க்கும் உலோக வார்ப்பில்) செய்த பாகங்கள் புதுப் பெட்டியில் வருவது இந்தத் தொழிலில் சகஜம். ஏர்ஃபிக்ஸின் 1/24 மார்க் 1 கிட் 1970இல் வந்தது. 2022இல் வந்த மார்க் 9க்கும் அதற்கும் கம்பெனிப் பெயரும் அளவும் மட்டும்தான் பொது. ஆர்டர் போடும் முன் அச்சு எந்த வருடத்தது என்று கட்டாயம் பாருங்கள்.

நம் ஊர்த் தொடர்போடு ஒன்று செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். பிரிட்டிஷ் விமானப் படையின் 234ஆம் ஸ்குவாட்ரனுக்கு "மெட்ராஸ் பிரெசிடென்சி" என்றே பெயர். 1940இல் அது பறந்தது மார்க் 1 விமானத்தில். ஆகவே அதற்கு இந்த மூன்று பெட்டிகளும் உதவாது. நியூசிலாந்தின் கோட்டாரே கம்பெனி வெளியிட்ட 1/32 மார்க் 1ஐத் தேடுங்கள். இந்திய விமானப் படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் பர்மாப் போர்முனையில் பறந்தது மார்க் 8இல். டாமியா அதையும் 1/32இல் தனியாக வெளியிட்டிருக்கிறது.

படி 2: அலமாரியை அளந்து பாருங்கள்

நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். 1/32இல் அது ஏறக்குறைய 351 மி.மீ.; 1/24இல் 468 மி.மீ. நீளம் முறையே 296, 394 மி.மீ. அளவில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு 1/24இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அவ்வளவு பெரிய இறக்கையில் தூரிகைக் கோடுகள் தெரியாமல் அடிப்பது மிகவும் கஷ்டம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு 1/24ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முடிந்த மாடலைத் தூசி படாமல் மூடிவைக்கக் கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தால், அதன் விலையையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

படி 3: செய்முறைக் கையேட்டைப் படியுங்கள், பாகங்களை எண்ணாதீர்கள்

மூன்று கிட்களின் கையேடுகளையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பாக எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது. இறக்கையையும் உடலையும் சேர்ப்பதற்கு முன் எத்தனை கட்டங்களை முடிக்க வேண்டும், அதில் எத்தனை இடங்களில் ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பாருங்கள். இதுதான் உங்கள் பொறுமைக்கு வரும் பரீட்சை.

ரெவெலில் காக்பிட் முடிந்ததும் சீக்கிரமே விமானம் விமானமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஏர்ஃபிக்ஸில் உள்கட்டமைப்பே ஒரு பெரிய அத்தியாயம். டாமியாவில் பிளாஸ்டிக்கோடு செதுக்குத் தகடுகள் (நுண்ணிய பாகங்கள் வெட்டப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகள்), சின்னஞ்சிறு திருகுகள், உலோகக் கம்பிகள், ரப்பர் டயர்கள், காந்தங்கள் என்று எல்லாம் வரும். சுக்கானும் இறக்கை ஓரத் தட்டுகளும் உலோகக் கம்பியில் மாட்டி அசையும். மாடலை முடித்த பிறகும் சக்கரங்களை இறக்கிய நிலையிலிருந்து மடக்கிய நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அழகான பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் செதுக்குத் தகட்டை வளைத்து ஒட்டிப் பழக்கமில்லாதவருக்கு முதல் வாரமே வியர்க்கும்.

படி 4: எஞ்சின் தெரிய வேண்டுமா?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

டாமியாவிலும் ஏர்ஃபிக்ஸிலும் முழு மெர்லின் எஞ்சின் உண்டு. ரெவெலில் கிடையாது, மூக்கு மூடியேதான் இருக்கும். எஞ்சின் வேண்டும் என்று மனம் சொல்லும். மாடல் அலமாரிக்குப் போன பிறகு மூடியைத் திறந்து வைப்பீர்களா, மூடி வைப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் அழகே அந்த நீண்ட மூக்கில்தான். பலர் வாரக்கணக்கில் எஞ்சினுக்குக் குழாய், ஒயர் எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் மூடிவிடுவார்கள்.

டாமியாவில் எஞ்சின் மூடித் தகடுகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், வேண்டும்போது கழற்றலாம். தகடுகள் மெல்லியவை, இடைவெளிகள் நூலளவுதான். பெயின்ட் தடிமனாகிவிட்டால் தகடு சரியாக உட்காராது, இடுக்கு தெரியும். எனவே எஞ்சின் சட்டம், தகட்டின் உட்பக்கம், ஓரங்கள் எல்லாவற்றிலும் மெல்லிய பூச்சாகவே அடிக்க வேண்டும். மூடியே வைக்கப்போகிறேன் என்றாலும் தப்ப முடியாது. தகடுகள் உட்காருவது அந்தச் சட்டத்தின் மேல்தான், ஆகவே அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

முதல் பெரிய கிட் என்றால் மூக்கு மூடிய கிட்டே நல்லது. இது விலைக்காகச் சொல்வதல்ல.

படி 5: அளவுகோலை எடுங்கள்

இப்போதுதான் துல்லியம். எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. எளிதாகச் சரிபார்க்கக்கூடிய சில அளவுகள் போதும். இறக்கை அகலம் மேலே சொன்னதுதான். புரொப்பெல்லரின் விட்டம் நிஜத்தில் 10 அடி 9 அங்குலம், அதாவது சுமார் 3.28 மீட்டர், 1/32இல் 102, 1/24இல் 137 மி.மீ. வர வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. கூடக்குறைய இருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணுக்குள் அடங்காத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, மூக்கின் மேல் வளைவு. பக்கவாட்டில் எடுத்த நிஜப் புகைப்படம் ஒன்றையும் கிட்டின் உடல் பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடங்களை மட்டும் நம்ப வேண்டாம், வரைபடங்களிலேயே தப்பு இருக்கும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தின் படமாக இருந்தாலும், லென்ஸ் வளைக்காமல் தூரத்திலிருந்து எடுத்ததாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதி. அங்கே கீழ்ப்பரப்பு வளைந்து மேலேறிப் பிறகு வெளியே விரியும். அதைச் சப்பையாக விட்டால், எங்கே பிசகு என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

படி 6: ரிவெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்

நிஜ ஸ்பிட்ஃபயரில் இறக்கையிலும் உடலின் முன்பகுதியிலும் ரிவெட்டுகள் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) பரப்போடு சமமாக இருக்கும். பின்உடலில் மட்டும் குமிழ்த்தலை ரிவெட்டுகள் புடைத்துத் தெரியும். சுக்கான் துணி போர்த்தியது, அதில் ரிவெட்டே கிடையாது. ஒரு கிட் இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறதா, இல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஊசித் துளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மேஜை விளக்கைச் சாய்த்து வைத்தால் துளையின் ஆழம் பளிச்சென்று தெரியும். என் கண்ணுக்கு ரெவெலின் ரிவெட்டுகள் கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று பூச்சு பெயின்ட் ஏறியதும் பாதி அடங்கிவிடும். டாமியா இந்த விஷயத்தில் தெளிவாக முன்னால் நிற்கிறது.

படி 7: பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள்

பெட்டி கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது இது. ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து) உடலின் இரு பாதிகளையும் இறக்கைப் பாகங்களையும் மட்டும் வெட்டி, ஓரத்தைச் சுத்தம் செய்து, மாஸ்கிங் டேப்பால் பிடித்துப் பாருங்கள். இறக்கை உடலோடு சேரும் மேல் இடுக்கு, அடியில் பின்பக்கம் சேரும் குறுக்குக் கோடு, மூக்கின் அடி ஆகிய மூன்று இடங்களில்தான் வம்பு. முன்னாலிருந்து பார்க்கும்போது இரு இறக்கைகளும் 6 டிகிரி மேல்நோக்கி, ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டும். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டால் ஒட்டும்போதும் உதவும்.

காக்பிட் உள்ளே போன பிறகு இன்னொரு முறை பொருத்திப் பாருங்கள். முதலில் இடைவெளியே இல்லாமல் மூடிய உடல், உள்பாகங்கள் ஏறியதும் திறந்துகொள்வது உண்டு.

டாமியாவில் பெரும்பாலும் பட்டி பார்க்க வேண்டியே வராது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பட்டியும் உப்புத்தாளும் எடுத்து வையுங்கள். பட்டி பார்ப்பது கேவலம் ஒன்றுமில்லை, மாடல் கட்டுவதில் அது ஒரு அடிப்படைக் கைவேலை. ஒரு கிட்டிலாவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

படி 8: கண்ணாடிப் பாகமும் டீகாலும்

காக்பிட் கண்ணாடியில் கீறல், அலை, வெள்ளைப் புகை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். டீகாலில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாளில்) வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பு மையத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சரியில்லை என்றால் தனியாக விற்கும் டீகால் கிடைக்கும், இதற்காக கிட்டை ஒதுக்க வேண்டாம்.

சரி, எதை வாங்குவது?

முதல் பெரிய கிட் என்றால் ரெவெல். விலை டாமியாவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், எஞ்சின் தொல்லை இல்லை, சீக்கிரம் பெயின்ட் கட்டத்துக்கு வந்துவிடலாம். மிச்சப் பணத்தில் நல்ல கட்டரும் ஏர்பிரஷுக்கு முன்பணமும் ஆகும். ஏற்கெனவே ஏழெட்டு மாடல் முடித்தவர், சின்னப் பாகங்களோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் டாமியாவுக்குப் போகலாம். கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. இடம் இருந்து, எஞ்சினைத் திறந்து வைத்தே காட்ட வேண்டும் என்பவருக்கு ஏர்ஃபிக்ஸ்.

எதை வாங்கினாலும் பெயின்ட்டை கிட்டோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். 1941 ஆகஸ்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் பறந்த மார்க் 9க்கு மேலே டார்க் கிரீன், ஓஷன் கிரே. கீழே மீடியம் ஸீ கிரே. டாமியா அக்ரிலிக்கில் இவை முறையே எக்ஸ்எஃப் 81, 82, 83. மூக்கு நுனிக்கும் வால்பக்கப் பட்டைக்கும் ஸ்கை என்ற வெளிர்பச்சை, அது எக்ஸ்எஃப் 21. வால் பட்டையின் அகலம் நிஜத்தில் 18 அங்குலம். மாஸ்கிங் டேப்பை 1/32க்கு 14.3 மி.மீ., 1/24க்கு 19 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 1944 ஜூனில் நார்மண்டி இறங்கலுக்காகப் போட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் ஒவ்வொன்றும் இதே அகலம்தான், ஆகவே ஒரே அட்டை அளவுகோலை வெட்டி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.