காலநிலைப் பாதிப்பை அளக்கும் கருவிகள்: தேர்விலேயே நடக்கும் தவறுகள்

2021 ஏப்ரலில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. காலநிலை மாற்றத்தால் எந்தெந்த மாநிலங்கள் அதிகம் பாதிக்கப்படக்கூடியவை என்பது அதன் பொருள். ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பீகார், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவை மேல்வரிசையில் இருந்தன. மகாராஷ்டிரம், தமிழ்நாடு போலவே, பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியைச் சேர்ந்த சிஇஇடபிள்யூ ஆய்வு நிறுவனம் தன் பட்டியலை வெளியிட்டபோது, மகாராஷ்டிரம் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருந்தது.

இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டுமே தத்தம் கணக்கில் சரிதான். முதல் அறிக்கை ஒரு மாநிலத்தின் உள்ளே இருக்கும் பலவீனத்தை அளந்தது: வறுமை, சிறு குறு நிலவுடைமை, மானாவாரிப் பரப்பு, பயிர்க் காப்பீடு, மருத்துவப் பணியாளர்கள் போன்றவை. புயலும் வெள்ளமும் எத்தனை முறை வந்தன என்பது அதன் கணக்கில் இல்லை. இரண்டாவது அறிக்கை வெள்ளம், வறட்சி, புயல் மூன்றையும் கணக்கில் சேர்த்தது. எதை அளக்கிறோம் என்பது மாறினால் விடையும் மாறும். இதைக் கவனிக்காமல் ஏதோ ஒரு பட்டியலை எடுத்து, "நம் மாவட்டம் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது" என்று திட்டம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் வேர் ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் இருக்கிறது. 2007இல் வந்த நான்காம் அறிக்கையின்படி, வெளிப்பாடு (புயல், வெப்பம் போன்றவை எவ்வளவு தாக்குகின்றன), உணர்திறன் (தாக்கினால் எவ்வளவு பாதிக்கும்), தகவமைப்புத் திறன் (எவ்வளவு சமாளிக்க முடியும்) மூன்றும் சேர்ந்ததுதான் பாதிப்புக்கு ஆளாகும் தன்மை. 2014இல் வந்த ஐந்தாம் அறிக்கை இடர் என்பதை நடுவில் வைத்து, ஆபத்து (புயல், வெள்ளம் போன்றவை), வெளிப்பாடு (அவற்றின் வழியில் இருக்கும் மக்களும் உடைமையும்), பாதிப்புத் தன்மை (உள்ளே இருக்கும் பலவீனம்) மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. பழைய கையேடுகளும் புதிய கையேடுகளும் இன்றும் இணையத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. பலரும் கையாளும், ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு நிறுவனமான ஜிஐஇசட்டின் கையேடு 2014இல் பழைய வரையறையில் வந்தது. புதிய வரையறைக்கான துணைநூல் 2017இல் வந்தது. ஒன்றிலிருந்து குறியீடுகளையும் மற்றொன்றிலிருந்து சூத்திரத்தையும் எடுத்துக் கலந்தால், புயல் இரண்டு முறை எண்ணப்படும் அல்லது ஒரு முறைகூட எண்ணப்படாது. ஆய்வேடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் இந்தக் கலப்படம் தாராளமாக நடக்கிறது. எந்தக் கருவியை எடுத்தாலும் அது எந்த வரையறையில் நிற்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

யார் எதை முடிவு செய்யப் போகிறார்கள்?

அடுத்த தவறு இன்னும் பெரிது. தெரிந்த கருவியை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடுவது. பயிர் மாதிரி (பயிர் எப்படி வளரும் என்று கணக்கிடும் கணினி மென்பொருள்) தெரிந்தவருக்கு எல்லாம் மகசூல் பிரச்சினை. ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருள் தெரிந்தவருக்கு எல்லாம் வரைபடம். தொண்டு நிறுவனத்தில் இருப்பவருக்கு எல்லாம் கிராமக் கூட்டம்.

காவிரிக் கடைமடையை எடுத்துக்கொள்வோம். வெண்ணாறு உபவடிநிலத்தில் காலநிலைத் தகவமைப்புக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கரைகளைப் பலப்படுத்துவதும் ரெகுலேட்டர்களைப் புதுப்பிப்பதும் அதன் முக்கிய வேலைகள். கடைமடை ரெகுலேட்டரின் வேலை இரண்டு: கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்க வேண்டும், மழைவெள்ளத்தைக் கடலுக்கு வடித்துவிட வேண்டும். கார்த்திகையில் மேலே வெள்ளம் வரும் அதே நேரத்தில் கடலில் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) ஏறி நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஷட்டரைத் திறந்தால் உப்புநீர் உள்ளே வரும். மூடினால் சம்பா நாற்று மூழ்கும். ஷட்டரின் அடிமட்டம் எவ்வளவு, வாய்க்கால் அகலம் எவ்வளவு என்று முடிவு செய்யும் பொறியாளருக்கு, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மழை, எவ்வளவு ஓதம், 30 ஆண்டு கழித்துக் கடல்மட்டம் எவ்வளவு என்ற எண்கள் தேவை. ஹெக்ராஸ் போன்ற நீரோட்ட மாதிரி அவருக்குப் பயன்படும். "இந்த வட்டாரத்தின் பாதிப்புக் குறியீடு 0.63" என்ற தகவலை வைத்து அவர் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

அதே ஊரில் ஊராட்சித் தலைவரின் கேள்வி வேறு. புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்வது, பாதுகாப்பு மையத்துக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில்? இதற்கு நீரோட்ட மாதிரி வேண்டாம். ஊர்க்காரர்கள் தரையில் கோலமாவால் வரையும் வரைபடம் போதும். அந்த வேலைக்கு அதுதான் துல்லியமும்கூட.

கேள்வி பயிரைப் பற்றியது என்றாலும் எல்லாப் பயிர் மாதிரிகளும் ஒன்றல்ல. டிஎஸ்எஸ்ஏடி என்ற பயிர் மாதிரி, வெப்பம், மழை, தழைச்சத்து ஆகியவற்றுக்கு நெல் எப்படி வளரும் என்பதை நன்றாகக் காட்டும். ஆனால் வேதாரண்யம் பக்கத்து வயலில் நெல்லைக் கொல்வது பெரும்பாலும் மண் உப்பும் பத்து நாள் மூழ்கலும்தான். மண் உப்பைக் கணக்கில் எடுக்க ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் அக்வாகிராப் என்ற பயிர் மாதிரி ஓரளவு உதவும். மூழ்கலுக்கு, சிஆர் 1009 சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்களைப் போட்ட விவசாயியின் வயலில் என்ன நடந்தது என்று விசாரிப்பது எந்த மாதிரியையும்விட நம்பகமானது. ஓர் ஊரில் பயிர் எதனால் சாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயிர் மாதிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வண்ண வரைபடம் தரும் மயக்கம்

உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் உலகக் காலநிலை மாதிரிகளின் ஒரு கட்டம் பொதுவாக 100 கிலோமீட்டருக்குக் குறையாத அகலம் உடையது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் அவ்வளவு தூரம்கூட இல்லை. அதாவது கடைமடையும் தலைமடையும், சில மாதிரிகளில் வங்கக் கடலின் ஒரு பகுதியும், ஒரே கட்டத்துக்குள் ஒரே எண்ணாக நிற்கும். இதை இடைச்செருகல் முறையில் (பக்கத்துக் கட்டங்களின் எண்களை வைத்து இடையில் உள்ளதை ஊகித்து) ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நுணுக்கித் தரும் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கட்டம் சிறிதானதால் தகவல் கூடிவிடவில்லை. அந்த வரைபடத்தை வைத்து "கீழையூருக்கு மழை குறையும், தலைஞாயிறுக்குக் கூடும்" என்று எழுதுவது பொய்க்குச் சமம். ஒரே மாதிரியை நம்பாமல் பல மாதிரிகளின் வீச்சைக் காட்டுவதும், ஒன்றுக்கு மேற்பட்ட உமிழ்வுப் பாதைகளை (கரியமில வாயு உமிழ்வு இனி எப்படிப் போகும் என்ற அனுமானங்களை) எடுப்பதும் குறைந்தபட்ச நேர்மை.

நிலத்தின் உயரத்தில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. கடல்மட்டம் உயர்ந்தால் எந்த ஊர் மூழ்கும் என்று காட்டும் வரைபடங்களில் ஏராளமானவை எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவை அடிப்படையாகக் கொண்டவை. 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு அளந்தது அது. ரேடார் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை. தோப்பின் தழையும் வீட்டுக் கூரையும் அந்த உயரத்தில் கலந்துவிடும். அடர்ந்த தென்னந்தோப்பு இருந்த இடம் உண்மையைவிட மேடாகத் தெரியும். மேடாகத் தெரிந்தால் மூழ்காது என்று வரைபடம் சொல்லும். இந்தப் பிழையைத் திருத்திய புதிய உயரத் தரவை அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் பயன்படுத்திப் பார்த்தபோது, இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே வாழும் உலக மக்கள் 2.8 கோடி அல்ல, 11 கோடி என்று வந்தது. மீட்டர்க் கணக்கில் பிழையுள்ள தரவை வைத்துச் சென்டிமீட்டர்க் கணக்கில் உயரும் கடலை அளக்க முடியாது. ஊர் அளவில் வேலை செய்பவர்கள் டம்பி லெவல் (நில மட்டம் அளக்கும் கருவி) வைத்துச் சில முக்கியமான இடங்களையாவது நேரில் அளந்துவிடுவது நல்லது: பள்ளிக்கூடத் தரை, குடிநீர்க் கிணற்றின் விளிம்பு, ரேஷன் கடை வாசல்.

கடற்கரைக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். ஹைதராபாத்தில் உள்ள, கடல் பற்றிய தகவல் தரும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் இந்தியக் கடற்கரை முழுவதற்கும் அப்படி ஒரு வரைபடத் தொகுப்பு செய்திருக்கிறது. கரைக்கோட்டு மாற்றம், கடல்மட்ட மாற்றம், நிலத்தின் உயரம், சரிவு, நில அமைப்பு, அலை உயரம், ஓத வீச்சு என ஏழு கூறுகள். நல்ல வேலை, பயன்படுத்த வேண்டியதுதான். ஆனால் அந்த ஏழில் மனிதர் யாரும் இல்லை. ஆளில்லாத மணல்மேடும் ஆயிரம் வீடுகள் உள்ள மீனவர் குப்பமும் அங்கே ஒரே நிறத்தில் தெரியலாம். மக்களைப் பற்றிய தரவை அதன் மேல் வைக்காமல் அதை மட்டும் கொண்டு முன்னுரிமை வகுப்பது, கரையைக் காப்பாற்றிக் கரைக்காரரை விட்டுவிடுவதில் முடியும்.

பருவமும் பழைய கணக்கும்

இந்தியாவுக்கென்று செய்யப்பட்ட பல கருவிகளில் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. டெல்டா கடற்கரையில் அதன் பங்கு இன்னும் அதிகம். மென்பொருளில் இயல்பாக இருக்கும் மாதங்களை மாற்றாமல் ஓட்டினால் நம் வெள்ளக் காலமே கணக்குக்கு வெளியே போய்விடும். சின்ன விஷயம், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இறந்தகாலத் தரவை மட்டும் நம்புவதும் அப்படித்தான். தூத்துக்குடி மாவட்டத்தை வறட்சி மாவட்டமாகவே நாம் எழுதி வந்தோம். 2023 டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். வறட்சிக்கான கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மாவட்டத்துக்குப் போனவர் யாரும் அதற்குத் தயாராக இருந்திருக்க முடியாது. கடந்த 30 ஆண்டுப் பதிவு ஒரு தொடக்கம், எல்லை அல்ல.

கூட்டத்துக்கு வராதவர்கள்

கிராமத்தில் உட்கார்ந்து பேசி மதிப்பிடும் முறைகள், உதாரணத்துக்குக் கேர் தொண்டு நிறுவனத்தின் சிவிசிஏ கையேடு, மாதிரிகளின் குறையைப் பெரிய அளவில் ஈடுசெய்கின்றன. நான் இவற்றின் பக்கம்தான். ஆனால் இவற்றிலும் குழி இருக்கிறது. காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்றால் நடவுக்குப் போன பெண்கள் வரமாட்டார்கள்; மீன் கூடையோடு சந்தைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். வருபவர்கள் நிலம் உள்ளவர்களும் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும். சேரிக்குத் தனியாகப் போகாமல், பெண்களிடம் தனியாகப் பேசாமல் வரையப்பட்ட வரைபடம் ஊரின் பாதியைத்தான் காட்டும்.

ஆவணங்களும் இதே விதமாகச் சாய்ந்தவை. சிட்டாவில் இருப்பது உடைமையாளர் பெயர். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர் பெயர் அங்கே கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. மரத்துக்கு இழப்பீடு கணக்கிட முடிந்தது. காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்தவர் இழந்த கூலியை அளக்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. நிலவுடைமையைக் குறியீடாக வைக்கும் எந்தக் கருவியிலும் நிலமற்றவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

பருவ நாட்காட்டி போடும்போது ஜனவரி, பிப்ரவரி என்று தொடங்காதீர்கள். மீனவரிடம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றை வைத்துக் கேளுங்கள். உழவரிடம் ஆடி, ஐப்பசி என்று கேளுங்கள். "முன்பெல்லாம் இந்தக் காற்று இத்தனை நாள் நிற்கும், இப்போது நிற்பதில்லை" என்ற பேச்சு அப்போதுதான் தானாக வரும். அதை மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டும் பாருங்கள். நினைவு எல்லா நேரமும் சரியாக இருக்காது.

கூட்டிச் சராசரி எடுக்கும் குறியீடுகள் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. இருபது எண்களைக் கூட்டி வகுத்தால், ஊரில் நல்ல சாலை இருப்பது குடிநீர் உப்பாகிப்போனதை ஈடுகட்டிவிடும். வாழ்க்கையில் அப்படி ஈடாகாது. மொத்த எண்ணோடு, மிக மோசமான கூறு எது என்பதையும் தனியாகக் காட்டுங்கள்.

பாதிப்பை அளந்த கருவியே தீர்வையும் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. தீர்வுகளை ஒப்பிட வேறு கருவிகள் வேண்டும், அவற்றில் செலவு-பயன் கணக்கு மட்டும் போதாது. சொத்து மதிப்பை வைத்துப் பயனைக் கணக்கிட்டால் விடுதிகளும் பங்களாக்களும் உள்ள கரைக்குத்தான் முதல் கல் விழும். பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் அதில் வராது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும் ராயபுரம் கரை அரித்ததும் ஒரே காரணத்தால்தான். புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்ததும் துறைமுகம் வந்த பிறகே. உங்கள் கருவியின் எல்லை ஊராட்சி எல்லையோடு முடிந்தால் இது கண்ணில் படாது.

கடைசியாகக் கால அட்டவணை. மதிப்பீடு மார்ச்சில் முடிய வேண்டும் என்று நிதி தருபவர் சொல்வார். ஊருக்கு அது பயன்பட வேண்டுமானால் அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கப்பட வேண்டும்: வடகிழக்குப் பருவம் தொடங்க இரண்டு, மூன்று வாரம் இருக்கும், ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் அந்தச் சமயத்தில்தான் பேச்சுக்கு வரும். அந்த நாளுக்குள் முடிக்க முடியாத கருவி என்றால், எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அந்த ஊருக்கு எளிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் ஒரே தாளில் முடிவுகளை எழுதிக் கொடுங்கள். தரவுக் கோப்பை ஊராட்சி அலுவலகக் கணினியில் திறக்கக்கூடிய வடிவத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.