பாபிலோனிய வரலாறு பற்றிய பழைய நூலை வாசிக்கும் முறை

முதலில் அச்சான ஆண்டைக் கொப்பியில் எழுதுங்கள். 1901க்கு முந்தியது என்றால் பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கல் அதில் இருக்காது, அது ஈரானின் சூசாவில் பிறகுதான் கிடைத்தது. 1890க்கு முந்திய நூலில் காவிய நாயகன் கில்கமேஷைத் தேடாமல் ‘இஸ்துபார்’ என்று தேடுங்கள், அப்போது பெயரை அப்படிப் பிழையாகத்தான் வாசித்தார்கள். அப்புறம், அக்காத் நாட்டு மன்னர் சார்கோனுக்குக் கி.மு. 3800 என்று போட்டிருந்தால் நம்பவேண்டாம். சார்கோனின் பேரன் நராம்சின் தனக்கு 3200 ஆண்டு முந்தியவர் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பாபிலோன் மன்னர் நபோனிடஸ் எழுதியதை அப்படியே ஏற்றுப் போட்ட கணக்கு அது, இன்றைய கணக்கு ஏறக்குறைய கி.மு. 2300.

அசீரியத் தலைநகர் நினிவேயின் நூலகம் பற்றிய பகுதியை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள். கி.மு. 612 தீயில் அங்கிருந்த களிமண் பலகைகள் பல சுட்டு இறுகித் தப்பின. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்து ஏடுகளுக்கு அது வாய்க்கவில்லை.

நூலகப் பிரதியென்றால் பென்சிலாலும் கோடிடாதீர்கள்.